மிச்சமான இரண்டு சுவர்கள்

றோசலின் டீச்சரின் கைப்பையைத் திறந்து பார்த்தால், இது படித்த மனுஷியின் பையா, பழைய சாமான் வாங்குகிறவரின் சாக்கா என்று யாருக்கும் சந்தேகம் வரும். வெறும் பிஸ்கட் பக்கற்றுகள், சவர்க்கார உறைகள், போன வருஷத்துக் கலண்டர் தாள்கள், காய்ந்த டர்பன்டைன் மர இலைகள், தேர்தல் முடிந்த பிறகும் சிரிப்பை நிறுத்தாத ஒரு வேட்பாளரின் நோட்டீஸ்கள். அவளுடைய கணவர் சுகந்தன் டவுனில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறார். "வீசுற அட்டையெல்லாம் ஒம் பொஞ்சாதிக்குன்னு மொதலாளியே எடுத்து வைக்கிறாரு" என்று மானம் போன குரலில் சொல்வார். ஆனாலும் தவறாமல் கொண்டுவந்து கொடுப்பார்.

உடப்புசல்லாவையிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் குலுங்கினால் கல்லுமலைத் தோட்டம். அங்குள்ள சின்னப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருஷமாக இரண்டாம் தரத்துக்கு றோசலின்தான் டீச்சர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கணிதம் படிப்பிக்க எண்சட்டமும் வர்ணக் கட்டைகளும் கொண்ட ஒரு பெட்டி வரப்போகிறது என்றார்கள். பெட்டி வரவில்லை. பெட்டி கிடைத்துவிட்டதாகக் கையெழுத்துக் கேட்டு ஒரு கடிதம் மட்டும் வந்தது. அதிபர் நீட்டினார், றோசலின் போட்டாள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது அவளுக்கு எப்போதும் சுலபமாக வந்தது. நல்ல டீச்சர்தான், ஆனால் பெரியவர்கள் எதிரே நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

பெட்டி வராத படியால்தான் ஒட்டுச்சித்திரம் வந்தது. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்துகொண்டு வருவாள். தேயிலை இலையில் பத்துச் செதில் ஒட்டி ஒரு மீன். நாலு செதிலைப் பிய்த்தால் மிச்சம் எத்தனை? எட்டுக்கால் பூச்சிக்கு ஒரு பக்கம் நாலு கால் ஒட்டியாயிற்று, மறு பக்கத்துக்கு எத்தனை வெட்ட வேண்டும்? சவர்க்கார உறையை நடுவில் மடித்து வெட்டினால் வண்ணத்துப்பூச்சியின் பாதி. வாயால் சொன்ன கணக்கு இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதால் போய்விடும், கையால் ஒட்டினது நிற்கும் என்பது அவள் கட்சி. பசையில் கொஞ்சத்தைப் பிள்ளைகள் நக்கிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்தே காய்ச்சுவாள்.

அவளும் இதே தோட்டத்துப் பிள்ளைதான். வரிசையாய்க் கட்டிய தொழிலாளர் அறைகளில், ஏழாம் நம்பர் லயத்தில் மூன்றாவது காம்பரா. அப்பா இராயப்பன் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் வேலை செய்தார். உயர்தரம் படித்து, தொண்டர் ஆசிரியையாக அலைந்து, உதவி ஆசிரியையாகக் காத்திருந்து, கடைசியில் நிரந்தர நியமனம் கைக்கு வந்தபோது காது ஓரத்தில் நரை தட்டியிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னர் தனி வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடும் கிடைத்தது. குடிபோன அன்று றோசலின் வீட்டைச் சுற்றி வந்து, நாலு சுவரையும் வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தாள். நாலும் தன்னுடையவை. அந்தச் சந்தோஷத்தில் பழைய காம்பராவை எவ்வளவு சீக்கிரம் மறந்துபோனாள் என்பது பின்னால்தான் அவளுக்கு உறைத்தது.

போன வருஷம் அவள் வகுப்பில் ஜொய்சி இருந்தாள். ஏழு வயது. தாய் யூஜினா மலையில் கொழுந்து எடுக்கிறவள். தகப்பன் கொழும்புக்கு வேலைக்குப் போய், முதலில் மாதத்துக்கு ஒரு தடவை வந்து, பிறகு பெருநாளுக்கு வந்து, பிறகு வராமலே விட்டவன். ஜொய்சி பேச மாட்டாள். ஊமையில்லை, வீட்டில் தாயோடு குசுகுசுவென்று பேசுவாளாம். பள்ளிக்கூடத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னால் ஏழு வரைக்கும் உதடு அசையும், பிறகு அதுவும் நின்றுவிடும். ஆனால் ஒட்டச் சொல்லுங்கள், இருபது வரைக்கும் ஒரு பிழை வராது. கிழிந்த பிஸ்கட் உறைகளைக்கூட நகத்தால் நீவி, மடிப்பு எடுத்து, அளவு பார்த்துத்தான் ஒட்டுவாள். றோசலினுக்கு அந்தப் பிள்ளைமேல் ஒரு தனிப் பிரியம். எல்லாப் பிள்ளைகளும் எனக்கு ஒன்றுதான் என்று சொல்கிற டீச்சர்மாரை நான் நம்புவதில்லை.

ஓகஸ்ட் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது ஒரு படிவம் வந்தது. எண்ணிலும் எழுத்திலும் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டுபிடித்து, பதினான்கு மைல் தள்ளி டவுன் பள்ளிக்கூடத்தில் தொடங்கியிருக்கும் விசேட வகுப்புக்கு அனுப்ப வேண்டும். காகிதத்தில் பார்த்தால் நல்ல காரியம். ஆனால் டவுனுக்குக் காலை பஸ் ஆறே காலுக்கு. யூஜினா மலைக்குப் போகுமுன் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டியதும் கிட்டத்தட்ட அதே நேரம். ஏழு வயதுப் பிள்ளை தனியாகப் பஸ் ஏற முடியாது. ஜொய்சியை அந்த வகுப்புக்கு அனுப்புவது என்றால் படிப்பை நிறுத்துவது என்றுதான் அர்த்தம். படிவத்தை வாசித்த அன்றே றோசலினுக்கு இது விளங்கிவிட்டது.

பரீட்சிக்க வந்தவர் பேரின்பநாயகம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், ஆலோசகர், ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. கடுகடுப்பானவர் என்று சொல்ல முடியாது. தொப்பியும் மப்ளரும் கையுறையும் போட்டுக்கொண்டு, இந்தக் குளிரில் மனிதர் எப்படிச் சீவிக்கிறார்கள் என்று ஆச்சரியப்படுகிறவர். ஐந்து கேள்விகள். மூன்று சரியாக வந்தால் பிள்ளை இங்கேயே இருக்கலாம்.

றோசலின் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரியிடம் வாய் திறந்து ஒன்று கேட்டாள்.

"சேர், இந்தப் புள்ள வாயால சொல்லாதுங்க. ஒட்டிக் காட்டும். ஒட்ட விடுவீங்களா?"

"அதுக்கென்ன டீச்சர், ஒட்டட்டும். விடை வந்தால் போதும்" என்றார் அவர்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில் கேட்ட அதே ஐந்து கேள்விகள்தான் இங்கேயும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசிக் கேள்வி இது: ஒரு வீட்டுக்கு நாலு சுவர், மூன்று வீடுகளுக்கு எத்தனை சுவர்? முந்தின நாள் பின்னேரம் றோசலின் மேசையில் உட்கார்ந்து கலண்டர் அட்டையில் ஒரே அளவாகப் பன்னிரண்டு பட்டிகள் வெட்டினாள். பதின்மூன்றாவது வெட்டவில்லை. இருப்பதையெல்லாம் ஒட்டி முடித்தாலே விடை வந்துவிடும். இது ஒருவகைக் களவு என்று தெரியும். ஜொய்சிக்காகச் செய்கிற களவு என்பதால் மனம் உறுத்தவில்லை.

முதல் நாலு கேள்விகளில் ஜொய்சி இரண்டைச் சரியாக ஒட்டினாள். மற்ற இரண்டும் வாயால் மட்டும் சொல்ல வேண்டியவை. பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆக எல்லாம் ஐந்தாவதில் வந்து நின்றது. சேர் கேள்வியை இரண்டு தடவை வாசித்தார். றோசலின் பன்னிரண்டு பட்டிகளையும் ஜொய்சியின் முன்னால் வைத்து, மூன்றடி தள்ளிப் போய்ச் சுவரோடு நின்றாள். பேசக் கூடாது என்பது விதி.

ஜொய்சி முதலில் நாலு பட்டியை ஒட்டிச் சதுரமாக ஒரு வீடு செய்தாள். றோசலினுக்கு மூச்சு வந்தது. பிறகு பிள்ளை அடுத்த பட்டியை எடுத்து, முதல் வீட்டோடு சேர்த்து முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கடைசித் தொங்கலில் ஒன்று என்று வைத்தாள். மூன்றாவது வீட்டுக்கும் அப்படியே மூன்று. விரலால் பசையைத் துடைத்துவிட்டு ஓரங்களை அழுத்தினாள். மேசையில் இரண்டு பட்டிகள் மிச்சம் கிடந்தன. அவற்றைக் கையில் எடுத்து ஒரு கணம் பார்த்தாள். பிறகு நேரே டீச்சரிடம் வந்து, அவள் உள்ளங்கையை விரித்து, இரண்டையும் அதில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். வகுப்பில் எது மிஞ்சினாலும் டீச்சரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது றோசலின் பழக்கிய பழக்கம்.

சேர் குனிந்து எண்ணினார். "பத்து. விடை பன்னிரண்டு." அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "பாவம், கெட்டிக்காரி மாதிரித்தான் கிடந்தது."

றோசலின் கையை மூடிக்கொண்டு நின்றாள். கொடுத்ததை முழுக்க ஒட்டியிருந்தால் போதுமே என்று பிள்ளைமேல் ஒரு கோபம்கூட வந்தது. எண்ணிக்கையும் அளவும் விளங்கவில்லை என்று படிவத்தில் எழுதி, வகுப்பாசிரியையின் இடத்தைச் சேர் காட்டினார். நீட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

தாயிடம் போய்ச் சொல்கிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த யூஜினாவைப் பாதையில் வைத்துப் பிடித்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னாள். "டவுன் ஸ்கூல்ல ஒரு தனி வகுப்பு தொடங்கியிருக்காங்க யூஜினா. நம்ம ஜொய்சிய அங்க போட்டிருக்காங்க."

யூஜினா அப்படியே நின்றுவிட்டாள். "டவுன் ஸ்கூலுக்கா? எம்புள்ள மட்டுமா டீச்சர்?"

"இங்கருந்து ஜொய்சி மட்டுந்தான்."

கொழுந்துக் கூடையின் தலைக் கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்த யூஜினாவின் கண்ணில் நீர் முட்டியது. "நீங்க ஒட்டிக் குடுத்த படிப்புதாங்க டீச்சர். சாமி ஒங்கள நல்லா வச்சிருக்கணும்."

அப்போதாவது திருத்தியிருக்க வேண்டும். றோசலின் மழை வரப்போகிறது என்று ஏதோ சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த இரண்டு நாளில் தோட்டம் முழுக்கச் செய்தி பரவியது. யூஜினாவின் மகளை டவுனுக்குத் தெரிவு செய்திருக்கிறார்கள். கோயிலில் வைத்து இரண்டு பேர் றோசலினுக்குக் கைகொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் யூஜினாவின் லயத்துக்குப் போனாள். இன்றைக்காவது உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். யூஜினா புதுப் பை ஒன்று வாங்கியிருந்தாள், நீலநிறம், முதுகில் மாட்டுகிறது. அதைத் தொங்கவிடுவதற்காகக் காம்பராவின் பக்கச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். ஜொய்சி பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மூன்றாவது அடி விழுந்ததும் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யூஜினாக்கா, மெதுவா அடிங்க. எங்க பக்கம் மாதா படம் ஆடுது."

"ரெண்டே அடிதான் தங்கச்சி, படத்தப் புடிச்சுக்க" என்றாள் யூஜினா.

றோசலின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள். போய்ச் சுவரில் கையை வைத்தாள். இந்தப் பக்கம் ஆணி, அந்தப் பக்கம் படம், நடுவில் ஒரே சுவர். ஏழாம் நம்பர் லயத்தில் அவள் முதுகைச் சாய்த்துப் படித்த சுவரும் இப்படித்தான்; அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே சுவரில் சாய்ந்துதான் படித்தது. மூன்று வீட்டுக்கு முன்சுவர் மூன்று, பின்சுவர் மூன்று, குறுக்கே நாலு. பத்து. ஜொய்சி ஒட்டியது பத்து. பிள்ளை தன் கண்ணால் கண்ட வீட்டை, ஒரு சுவர் கூடாமல் குறையாமல் ஒட்டியிருந்தது. தேவையில்லாத இரண்டைத் திருப்பியும் கொடுத்தது.

"என்னங்க டீச்சர், முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று யூஜினா கேட்டாள். "பை நல்லா இல்லீங்களா?"

"நல்லா இருக்கு" என்றாள் றோசலின்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு டவுனுக்குப் பஸ் ஏறினாள். பேரின்பநாயகம் சேரின் மேசையில் ஒரு தாளை விரித்து, கைப்பையிலிருந்து பட்டிகளை எடுத்து, லயத்தைச் செய்து காட்டினாள். பதினொரு வருஷத்தில் ஓர் அதிகாரியிடம் அவள் இவ்வளவு பேசியதில்லை. சேர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றினார். பிறகும் போட்டுப் பார்த்தார்.

"ஓம்" என்றார் மெதுவாக. "பிள்ளை செய்தது சரி. எங்கட ஊரில வீட்டைச் சுத்தி வளவு, வளவைச் சுத்தி வேலி. அடுத்த வீட்டுக்காரன் சுவரில கை வைச்சால் வழக்கு. எனக்கு இது மண்டையில ஏறேல்ல."

"அப்போ மாத்திருவீங்களா சேர்?"

"பட்டியல் வெள்ளிக்கிழமையே மேல போயிட்டுது டீச்சர். டவுன் பள்ளிக்கூட இடாப்பில பேரும் ஏறியிருக்கும். மேலயிருந்து வந்த விடைத்தாளில பன்னிரண்டு எண்டு கிடக்கு. பத்துச் சரியெண்டு நான் எழுதினால் ஆர் ஏற்பினம்? நான் ஒரு கடிதம் போட்டுப் பாக்கிறன்." அவள் முகத்தைப் பார்த்தார். "நான் வெளியாள். எனக்குத் தெரியாது. நீங்கள் லயத்தில பிறந்த ஆளெண்டு சொல்லுறியள். அண்டைக்குப் பக்கத்தில தானே நிண்டனீங்கள். ஏன் ஒண்டும் சொல்லேல்ல?"

"எனக்கும் அப்ப தெரியலைங்க சேர்" என்றாள் றோசலின்.

அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் அது அப்படி வலித்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு லயமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜொய்சி ஒன்பது நாட்கள் டவுனுக்குப் போனாள். யூஜினா கூடப் போய் விட்டுவிட்டு வந்தால் அன்றைய வேலை இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் கூட்டிக்கொண்டு போன அன்று, பிள்ளை வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தது. பத்தாம் நாள் நின்றது. திரும்ப இங்கேயே சேர்க்கலாமென்றால், பேரை வெட்டியாயிற்று, விடுகைப் பத்திரம் இல்லாமல் சேர்த்தால் எனக்குத்தான் கடிதம் வரும் என்றார் அதிபர். ஒன்பதே நாள் வந்த பிள்ளைக்கு எப்படிப் பத்திரம் தருவது என்றது டவுன் பள்ளிக்கூடம். சேர் போட்ட கடிதத்துக்கு, கிடைத்தது என்று ஒரு பதில் வந்ததாம். அதற்குள் சேருக்கும் ஓய்வு வந்துவிட்டது.

யூஜினா மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அது குடுத்து வைக்கல டீச்சர். நீங்க எவ்வளவோ செஞ்சீங்க" என்றாள். றோசலின் அவளிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் முடியாவிட்டால் வீட்டிலாவது படிப்பிப்போம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பசையும் உறைகளும் எடுத்துக்கொண்டு யூஜினாவின் காம்பராவுக்குப் போனாள். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் தாளை விரித்தாள். "ஒரு மீன் செய்வமா ஜொய்சி? எத்தனை செதில் வைக்கிறது?" முன்பென்றால் பிள்ளை இந்நேரம் கை நிறைய இலையை அள்ளியிருக்கும். இப்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டு டீச்சரின் முகத்தைப் பார்த்தது. பிறகு றோசலினிடம் முதன்முதலாக வாய் திறந்து பேசியது.

"எத்தனன்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்."

அந்தக் குரலைக் கேட்பதற்கு ஒரு வருஷம் தவமிருந்தவள் றோசலின். "நீ நினைக்கிறத ஒட்டு, சரியா வரும்" என்றாள். ஜொய்சி தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று. றோசலின் கிளம்பும்போது பிள்ளை உள்ளே ஓடிப்போய், ஆணியில் தொங்கிய நீலப் பையைக் கழற்றிக்கொண்டு வந்தது. உள்ளே புத்தகம் இல்லை. நகத்தால் நீவி நீவி அடுக்கிய பிஸ்கட் உறைகளும் அட்டைகளும். வகுப்புக்கு என்று கையால் காட்டியது.

இந்த வருஷம் றோசலினுக்குப் புது வகுப்பு, பத்தொன்பது பிள்ளைகள். புது ஆலோசகர் வரப்போகிறார். பழைய கேள்விகள்தான். ஒரு வாரமாக அவள் யோசித்தாள். ஜொய்சி தந்த அட்டைகளை நேற்றுப் பட்டிகளாக வெட்டி, ஆளுக்குப் பன்னிரண்டு கொடுத்து, மூன்று வீடு ஒட்டச் சொன்னாள்.

தனி வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் மூன்று வீட்டையும் தள்ளித் தள்ளி ஒட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். மற்றப் பதினாலு பேரும் எழுந்து வரிசையாக வந்தார்கள். ஆளுக்கு இரண்டு பட்டியை மேசையில் வைத்தார்கள். மேசையில் ஒரு சின்னக் குவியல் சேர்ந்தது. றோசலின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கொப்பியில பன்னிரண்டுன்னு எழுதுங்க" என்றாள்.

வினோதா என்ற பிள்ளை மட்டும் போகாமல் மேசையருகில் நின்றது. லயத்தின் கடைசித் தொங்கல் காம்பராவில் இருக்கிற பிள்ளை, முகத்துக்கு நேரே பார்த்துப் பேசும். "ஒட்டுனா பத்துதானே வருது டீச்சர்?"

றோசலின் அந்தப் பிள்ளையின் தாளை வாங்கினாள். குவியலிலிருந்து இரண்டு பட்டி எடுத்து, பசை தடவி, வீடுகளுக்கு நடுவில் ஏற்கெனவே இருந்த சுவர்களின் மேலேயே அச்சாக ஒட்டி அழுத்தினாள்.

"இப்ப எண்ணு."

வினோதா விரல் வைத்து எண்ணினாள். "பத்துதான் தெரியுது டீச்சர்."

"கண்ணுக்குத் தெரியாது. ஆனா பன்னிரண்டு. சேர் வந்து கேட்டா பன்னிரண்டுன்னுதான் சொல்லணும். சொல்லு பாப்பம்."

வினோதா தாளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "பன்னிரண்டு" என்றாள். போய் எழுதிக்கொண்டு வந்து கொப்பியை நீட்டினாள். றோசலின் சிவப்புப் பேனையை எடுத்து அதற்குச் சரி போட்டாள்.